போகாமலே எழுதின பேகம்பூர்

எம்.ஏ. ஹிஸ்டரி ப்ராஜெக்ட்டுக்கு நான் எடுத்த டாபிக் இதான்: பல நூறு வருசம் முன்னாடி ஐரோப்பாவுல இருந்து ஜெருசலேமுக்கு யாத்திரை போன கிறிஸ்தவங்க, அங்க இருந்த யூதங்களப் பத்தி என்ன எழுதி வச்சாங்க? படிக்கப் படிக்க கடுப்பாயிருச்சு. பாஷை தெரியாத எடத்துல ஒரு யூதர்தான் கூட வந்து பேசிக் குடுத்திருப்பாரு. ஊர் திரும்பினதும் ‘இவங்கள நம்பவே கூடாது’ன்னு எழுதிருவாங்க. எங்கய்யா இதப் பாத்தீங்கன்னு கேட்டா, முன்னாடி போனவன் புக்குல இருந்து ஈயடிச்சான் காப்பி!

கிழிகிழின்னு கிழிச்சு எழுதி, பிழை பாக்க ஃப்ரெண்டுக்கு அனுப்பினேன். முஸ்லிம்க நெறைய இருக்குற பேகம்பூர்க்காரன், யு.ஜி.ல இருந்து ஒண்ணாத் திரியுறோம். மறுநாள் கேண்டீன் வாசல்ல ஒரு பழைய நோட்ட நீட்டுனான். டிபார்ட்மெண்ட் பீரோவ ஒதுங்க வைக்கறப்ப கெடச்சுச்சாம்.

“இதையும் சேத்துக்க மாப்ள.”

யு.ஜி.ல நான் எழுதின ஃபீல்டு விசிட் ரெக்கார்டு. ‘பேகம்பூர் மக்கள் வெளியாட்களைச் சந்தேகத்துடனே பார்ப்பர்.’ என் கையெழுத்தேதான்.

விசிட் அன்னிக்கு நான் தாடிக்கொம்புல எங்க வெண்டைக்காய்த் தோட்டத்துல குப்புறப்படுத்துக் கெடந்தேன். சீனியர் ரெக்கார்ட வாங்கி அப்படியே எழுதினது. அவன் அவனோட சீனியர்ட்ட வாங்கிருப்பான்.

“அந்த வருசம் நோன்புக்கு எங்க வீட்டுல எம்புட்டுக் கஞ்சி குடிச்ச?”

“மார்க்குக்கு எழுதினதுடா லூசு.”

“அந்த ஜெருசலேம் போனவிய்ங்களும் ஏதோ மார்க்குக்குத்தான் எழுதிருப்பாய்ங்க. ஏலே, எங்கம்மாவும் படிச்சிருச்சு.”

அந்தம்மா கையால அம்புட்டு நாள் கஞ்சி குடிச்சிருக்கேன். பைக்க எடுத்துட்டு நேரா பேகம்பூர். வாசல்ல வெங்காயம் உரிச்சிட்டு இருந்தாங்க.

“அம்மா, அது வந்து...”

“நெசமா அப்படி நெனச்சா எழுதுன?”

“இல்லம்மா, சத்தியமா. சும்மா எழுதினது.”

“நெனச்சு எழுதிருந்தாக்கூட பேசித் தீத்துக்கலாம்ப்பா. சும்மால்ல எழுதிருக்க.”

திட்டல. உக்காருன்னும் சொல்லல. அடுத்த வெங்காயத்த எடுக்கவும் நான் கெளம்பிட்டேன்.

அந்த ரெக்கார்டு பக்கத்த என் பேரப் போட்டே ப்ராஜெக்ட்ல சேத்துட்டேன். கைடு எதுக்குன்னு கேட்டாரு, சொன்னேன். அவர்ட்டச் சொன்னது ஈசி. இந்த வருச நோன்பு ஆரம்பிச்சு நாலு நாளாச்சு. தெனமும் சாயங்காலம் பைக்க எடுக்குறேன், பேகம்பூர் திருப்பம் வரைக்கும் போறேன், திரும்பிடுறேன். அவனும் வான்னு கூப்பிடல.