எட்டு வருஷ நைட் டியூட்டியும் தள்ளிப்போன தேதிகளும்

பிறர் எழும்புகிற நேரத்தில் படுத்து, உறக்கம் வராமல் புரளுவதற்குச் சம்பளம் தருகிற வேலைதான் நைட் டியூட்டி. ராத்திரி வேலை பார்த்த பெண்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டாம். குலசேகரம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் நான் நர்ஸ்.

பகல் உறக்கம்

காலை எட்டரைக்கு வீடு வந்து படுப்பேன். ஒன்பதுக்கு மீன்காரர் ஹாரன், பத்துக்குப் பக்கத்து வீட்டு மிக்ஸி. கல்யாணமான இரண்டாம் வருஷம் எனக்குப் பீரியட்ஸ் நாற்பது நாள், ஐம்பது நாள் என்று தள்ளிப்போகத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் மாமியார் ஆசையாய் என் முகத்தைப் பார்ப்பார். மூன்றாம் முறையும் ஒன்றுமில்லை என்றதும் சொன்னார்: "பகலெல்லாம் ஒறங்குனா தேதி எப்பிடி மக்கா தெரியும்?"

நாலு நாள் லீவு

ஒருவழியாக உண்டானது, ஒன்பதாம் வாரம் கலைந்தது. அன்று கடற்கரை ஊரான இனயத்துப் பெண் ஒருத்திக்கு சிசேரியன். அவளுடைய குழந்தையைத் துடைத்துக் கொடுக்கும்போதே எனக்கு அடிவயிறு வலித்தது. டியூட்டி முடியும்வரை நின்றேன். கூட வேலை பார்க்கும் ரமீசாவிடம் மட்டும் சொன்னேன். ஆட்டோவில் என் கையை விடாமல் வந்தாள்.

ஐந்தாம் நாள் வார்டுக்குள் போனேன். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த இனயத்துக்காரி சந்தோஷமாகக் கேட்டாள்: "சிஸ்டர நாலு நாளா காணல்லியே, நல்லா ரெஸ்ட் எடுத்தியளா?"

சூப்பிரண்டின் மேசை

"ராத்திரி வேலைதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ஒறக்கம் ஒழுங்காகணும்" என்று, என்னைப் பார்த்த டாக்டரம்மா பகல் டியூட்டி கொடுக்கச் சொல்லிக் கடிதம் தந்தார். அதை எடுத்துக்கொண்டு நர்ஸிங் சூப்பிரண்டிடம் போனேன். முன்பு இரண்டு முறை பகல் டியூட்டி கேட்டுத் திட்டு வாங்கியிருக்கிறேன். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "எனக்கும் ரெண்டு போச்சு பிள்ளே. பகல் டியூட்டி கேக்கலாம்னே அப்ப எனக்குத் தெரியாது."

ரமீசா கேட்டது

எனக்குப் பகல் கிடைத்ததில் மற்ற நர்ஸ்மாருக்கு முறுமுறுப்பு. "அவளுக்கு மட்டும் என்ன?" என்றார்கள். கேட்டதில் தப்பில்லை. என் ராத்திரிகளில் பாதியைத் தலையில் போட்டுக்கொண்டவள் ரமீசா. அவளே சூப்பிரண்டிடம் போய் நின்றாள். "இது ஒருத்திக்குச் செய்த உபகாரமா இருக்கண்டாம் மேடம். டாக்டர் எழுதித் தந்தா யாருக்கும் பகல் டியூட்டி உண்டுன்னு போர்டுல ஒட்டுங்கோ."

ஒட்டினார்கள். அந்த மாதமே இரண்டு பேர் கேட்டு வாங்கினார்கள். எனக்கு நாலு மாதத்தில் பீரியட்ஸ் ஒழுங்குக்கு வந்தது. இப்போது வயிற்றில் ஐந்து மாதம். ஸ்கேனில் துடிப்பைப் பார்த்து நான் அழுதபோது ரமீசா சொன்னாள்: "ஏட்டி, கரையாத. பிரஷர் கூடும்."

"கடைசியா பீரியட்ஸ் ஆனது எந்தத் தேதி?" என்று எட்டு வருஷம் ஊரிலுள்ள பெண்களையெல்லாம் கேட்ட எனக்கு, அதை என்னிடமும் கேட்கலாம் என்று கண்டுபிடிக்க ஒரு டாக்டர் கடிதமும் ஒரு ரமீசாவும் வேண்டியிருந்தது.