மூன்று மாத்திரையும் ஒரே வாயில்

என் ஓரகத்தி புருல்சாவைப் பொய்க்காரி என்று சொன்னவர்கள் யார் யார் என்று எவர் முன்னாலும் சொல்வேன், எனக்கென்ன பயம்? முதலில் டாக்டரம்மா குல்பாரா. அடுத்து எங்கள் மாமியார் காலிபா. அப்புறம் தாலி கட்டாத குறையாகச் சத்தியம் பண்ணிக் கூட்டிவந்த புருஷன், என் கொழுந்தன் ஷார்ஷென். அவனை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

புருல்சா அட்பாஷி ஊர்ப் பக்கத்துப் பெண். வந்த வருஷமே உருளைக்கிழங்கு தோண்டுவதில் எங்கள் தெரு ஆம்பிளைகளைப் பின்னுக்குத் தள்ளினாள். அவள் சிரித்தால் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும், அப்படி ஒரு சிரிப்பு. எங்கள் மலைப்பக்கத்தில் கழுத்து வீங்காத பெண் குறைவுதான். அவளுக்கு வீக்கம் பெரிதாகி மூச்சை அடைத்ததும், நகரத்தில் தைராய்டு சுரப்பியையே எடுத்துவிட்டார்கள். அது செய்த வேலையை இனி மாத்திரைதான் செய்ய வேண்டும், காலையில் ஒன்று, ஆயுள் முழுக்க என்றார்கள். விடியுமுன் பால் கறக்கப் போகும்போது தண்ணீரோடு அதை விழுங்கிவிட்டுப் போவாள். நன்றாகத்தான் இருந்தாள்.

போன வருஷம் அவள் உண்டானபோதுதான் வினை பிடித்தது. பிரசவ டாக்டர் அவளுக்கு ரத்தம் போதாதென்று இரும்புச் சத்து மாத்திரையும், எலும்புக்கென்று சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். பாவம், மாத்திரைதானே, எல்லாவற்றையும் சேர்த்தே விழுங்கிவிடுவோம் என்று அவளும் மூன்றையும் ஒன்றாகப் போட்டாள். கொஞ்ச நாளில் முகம் ஊதியது. கோடை வெயிலில் கம்பளிச் சால்வை போர்த்திக்கொண்டு நடுங்கினாள். பால் கறந்துகொண்டே தூங்கினாள். தைராய்டு டாக்டர் குல்பாரா மருந்தின் அளவைக் கூட்டினார். குணமாகவில்லை. இன்னும் கூட்டினார். அதற்குள் குழந்தை தங்காமல் போய்விட்டது.

இந்த வருஷம் மறுபடி உண்டானாள். மறுபடி அதே மூன்று மாத்திரை, அதே நடுக்கம். ரத்தப் பரிசோதனையைப் பார்த்த குல்பாரா ஆஸ்பத்திரி நடையில், அத்தனை பேர் முன்னால் கத்தினார்.

"ஒழுங்கா சாப்பிட்டிருந்தா ரத்தத்துல இப்படி வருமா? மாத்திரைய எங்க தூக்கிப் போடற? போன பிள்ளைய விட்டது போதாதா?"

"சத்தியமா சாப்பிடறேன் டாக்டரம்மா."

"யார்கிட்ட கதை விடற? ரத்தம் பொய் சொல்லாது."

வீட்டுக்கு வந்ததும் ஷார்ஷென் என்ன செய்தான் தெரியுமா? அவள் தலையணைக்கு அடியிலும் மாட்டுக் கொட்டகையிலும் போய்த் துழாவினான், தூக்கிப் போட்ட மாத்திரை கிடைக்குமா என்று! கண்ணால் பார்த்தேன். கையில் இருந்த கரண்டியை அவன் மண்டையில் போடாமல் விட்டது என் தப்பு.

மாமியார் அன்றைக்கே மாத்திரை டப்பாக்களைத் தன் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். மறுநாளிலிருந்து காலைச் சாப்பாட்டு விரிப்பில் எல்லாரும் உட்கார்ந்த பிறகு, மூன்று மாத்திரையையும் தன் கையால் அவள் வாயில் போட்டு, உப்புப் போட்ட பால் டீயை ஒரு கிண்ணம் நீட்டுவாள்.

"விழுங்கு. வாயத் திற. நாக்கத் தூக்கு, பார்ப்போம்."

திருட்டுக் குட்டியைச் சோதிப்பதுபோல! என் பிள்ளைகள் முன்னால்! புருல்சா தலையைக் குனிந்துகொண்டு எல்லாருக்கும் டீ ஊற்றுவாள். இப்படிச் செய்தும் அடுத்த பரிசோதனை முன்னைவிட மோசமாக வந்தது. அன்று சாயங்காலம் கொட்டகையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இதுவும் போயிடும் போலிருக்கே. நீயாவது என்னை நம்பறியா?"

"உன் நாக்குக்கு அடியிலவரைக்கும் பாத்துட்டாங்களேடி, இன்னும் நம்பாம இருக்க என்ன இருக்கு?" என்றேன். சொல்லும்போதே எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. டாக்டர் குல்பாராவின் அம்மா வீடு எங்கள் ஊரில்தான். சனிக்கிழமை காலையில், இவள் மாத்திரை விழுங்குவதை அவரே கண்ணால் பார்க்கட்டும் என்று அவர் காரை வழி மறித்தேன்.

"டாக்டரம்மா, வீட்டுக்கு வந்து ஒரு வாய் ரொட்டி பிட்டுட்டுப் போங்க."

"அவசரமாப் போறேன் அனார்."

"ரொட்டி வேண்டாம்னா சொல்றீங்க?"

ரொட்டியை வேண்டாமென்பது எங்கள் ஊரில் பாவம், அதற்கு மேல் யாரால் மறுக்க முடியும்? இறங்கி வந்தார். விரிப்பின் மேல்பக்கம், மரியாதைக்குரிய இடத்தில் உட்காரவைத்தோம். மாமியாருக்கோ பெருமை தாங்கவில்லை.

"பாருங்க டாக்டரம்மா, நீங்க சொன்னதிலேர்ந்து நானே போட்டுவிடறேன். ஒண்ணு கூடத் தப்பாது."

மூன்றையும் உள்ளங்கையில் கொட்டிக் காட்டி, டீக் கிண்ணத்தை எடுத்தாள். டாக்டர் அவள் கையைப் பிடித்துவிட்டார்.

"இருங்கம்மா! இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்துமா இதோட? பால் டீயிலயா?"

"வேற எதுல?"

"ஐயோ, அது ரெண்டும் தைராய்டு மாத்திரைய உடம்புல சேரவே விடாதும்மா! அத வெறும் வயித்துல தண்ணியோட போட்டு, ஒரு மணி நேரம் கழிச்சுதான் டீயே குடிக்கணும். இந்த ரெண்டுக்கும் நாலு மணி நேரமாவது தள்ளியிருக்கணும்." மாத்திரைகளைத் திரும்பப் பார்த்துவிட்டு, "இத நான் எழுதலையே, பிரசவ டாக்டர் எழுதினது" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "அவங்க உக்காந்திருக்கறது உங்க எதிர் ரூம்தானே? வேற என்ன மாத்திரை சாப்பிடறேன்னு ஒரு தடவை கேட்டீங்களா? அளவக் கூட்டத் தெரிஞ்சுது, திட்டத் தெரிஞ்சுது, கேக்க வாய் வரலையா?"

"அனார், விருந்தாளிகிட்ட..." என்று மாமியார் இழுத்தாள்.

"நீங்க சும்மா இருங்க அத்தை!"

புருல்சா மட்டும் மெதுவாகக் கேட்டாள். "அப்போ போன வருஷம் போன பிள்ளை?"

டாக்டர் ரொட்டியைக் கீழே வைத்தார். "அதனாலதான்னு என்னால சொல்ல முடியாது. அதனால இல்லைன்னும் சொல்ல முடியாதும்மா." மாமியார் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷார்ஷென் எழுந்து வெளியே போய்விட்டான்.

மாத்திரைகளைப் பிரித்துப் போட ஆரம்பித்த பிறகு நடுக்கம் நின்றது. மருந்தின் அளவையும் டாக்டர் பார்த்துப் பார்த்துக் குறைத்தார். பனிக்காலத்தில் பெண் குழந்தை பிறந்தது, தொண்டை கிழியக் கத்துகிற குழந்தை. தொட்டில் விருந்துக்கு ஊரே வந்தது. வந்தவர்கள் எல்லாரும் டாக்டரம்மா கைராசி, டாக்டரம்மா காப்பாற்றிவிட்டார் என்றார்கள். மாமியார் பூவேலை செய்த வெல்வெட் மேலங்கியைக் கொண்டுவந்து டாக்டருக்குப் போர்த்தினாள். ஷார்ஷென் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னான். பெண்டாட்டி பக்கம் திரும்பவே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் புருல்சா குழந்தையோடு எழுந்து நின்றாள்.

"டாக்டரம்மா, அன்னிக்கு அத்தனை பேர் முன்னால சொன்னீங்களே. இப்பவும் எல்லாரும் இருக்காங்க, சொல்லுங்க."

"இப்ப எதுக்குடி அதெல்லாம்? டீ ஆறுது" என்றாள் மாமியார்.

"ஆறட்டும் அத்தை."

டாக்டர் மேலங்கியோடு எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "புருல்சா ஒரு நாள்கூடப் பொய் சொல்லலை. எல்லா மாத்திரையும் சாப்பிட்டா. கேக்காம விட்டது நான்தான்."

ஷார்ஷென் கதவோரமாக நழுவிக்கொண்டிருந்தான். புருல்சா அவனைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கதவுகிட்ட நிக்கறவருக்குக் கேட்டிருக்காது. இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டரம்மா."