தட்டு மாறாத நிச்சயதார்த்தம்

என் மகளுக்கு நல்ல வரன் அமைந்தால் மொட்டை போடுவதாகத் திருப்போரூர் முருகனிடம் வேண்டியிருந்தேன். அமைந்தது. சிறுசேரியில் ஒரு கம்பெனி நடத்திய இணைய அரட்டை அறையில், அசிங்கமாக எழுதுபவர்களை வெளியேற்றுவது அவள் வேலை.

நிச்சயத் தட்டு மாற்றும் நேரத்தில், மாப்பிள்ளையின் அண்ணன் என் மகளிடம் தன் அரட்டைப் பெயரைச் சொல்லிச் சிரித்தார். "உங்க ஆளுங்க என்னைத் தூக்கிட்டாங்கம்மா. நம்ம வூட்டுப் பொண்ணாச்சே, திரும்பச் சேத்துடு."

"தூக்கினதே நான்தாங்க. ஒரு பொண்ணை இன்னா பேச்சு பேசினீங்க! சேக்க மாட்டேன்."

"அப்போ தட்டும் மாறாது," என்றார் சம்பந்தி. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

நான் தட்டை என் பக்கமே இழுத்துக்கொண்டேன்.

மறுநாள் திருப்போரூருக்குக் கிளம்பினேன்.

"வரன்தான் போயிடுச்சே, மொட்டை எதுக்கு?" என்றாள் மனைவி.

இப்படியொரு மகளைக் கொடுத்தவனுக்கு நான் வேறு எதைக் கொடுப்பேன்?