நிறுக்காமல் விட்ட பாரம்

1981 நவம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதே முக்கால் மணி. வானம் மூடிக் கிடந்தது. தூறல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. எங்கள் ஊரான சங்கரன்கோவிலில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தின் வாசலில் மூன்று படிகள். அந்த மூன்று படிகளிலும் என்னை இரண்டு பேர் தூக்கித்தான் ஏற்றினார்கள். பாரம் தூக்கும் போட்டிக்கு வந்தவனை!

இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் என் கால்கள் இரண்டும் போய்விட்டன. வலது கால் இடதைவிடச் சூம்பல். முதுகும் ஒரு பக்கம் கோணல். கட்டைகளை ஊன்றி நடப்பேன். பஸ் ஏற, ரயில் ஏற, எந்தப் படியையும் ஏற யாராவது தூக்கிவிட வேண்டும். அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. நூல் கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வருடத்தை ஊனமுற்றோர் ஆண்டு என்று அறிவித்திருந்ததால் எங்கள் பக்கத்திலும் போட்டிகள் வைத்தார்கள். ஊனமுற்றோர் என்றுதான் அப்போது சொல்வார்கள். அதில் ஒன்று, பெஞ்சில் மல்லாந்து படுத்துப் பாரம் தூக்குவது. முதலில் வருகிறவர் மதராசில் நடக்கும் மாநிலப் போட்டிக்குப் போகலாம். எனக்கு மதராஸ்கூடப் பெரிதில்லை. என்னைத் தூக்கிவிட்டே பழகிய ஊர், ஒரே ஒரு தடவை நான் தூக்குவதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

மூன்று வருடமாகப் பழகியிருந்தேன். தறிக்கூடங்கள் இருக்கும் தெருவில் ஓட்டுக் கூரை போட்ட ஓர் உடற்பயிற்சிக் கூடம். கட்டைகளை ஊன்றி ஊன்றி எனக்குத் தோளும் கையும் உரமேறியிருந்தன. ஆனால் கால்களுக்குத் தரையில் பிடிப்பு கிடையாது. கம்பியை நெஞ்சுக்குமேல் பிடித்தால் உடம்பு பெஞ்சிலிருந்து உருளப் பார்க்கும். அதனால் கால்மாட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் என் கால்களை நீட்டிவைத்து, நண்பர் ஒருவர் இரண்டு கைகளாலும் என் முழங்கால்களை அழுத்திப் பிடித்துக்கொள்வார். விசைத்தறியில் வேலை; கடையநல்லூர்க்காரர்; என்னைவிட ஏழு வயது இளையவர். நான் கம்பியை எடுக்குமுன் இறைவன் பெயரை முணுமுணுத்துவிட்டு, “பிஸ்மி சொல்லிட்டேன் அண்ணாச்சி, தூக்குங்க” என்பார். வேறு யார் பிடித்தாலும் எனக்குச் சரிப்படாது.

எதையும் எண்ணிப் பார்க்காமல் எனக்கு நிம்மதி வராது. கூடத்தில் இருந்த இரும்புத் தட்டுகளில் போட்டிருந்த எடையை நான் நம்பவில்லை. எல்லாவற்றையும் நூல் கடைத் தராசுக்குக் கொண்டுவரச் செய்து நிறுத்தேன். இரண்டு தட்டுகளில் முக்கால் கிலோ குறைந்தது. சுண்ணாம்பால் சரியான எடையை எழுதினேன். அன்றைக்கு நண்பர் தராசுத் தட்டில் ஒரு காலை வைத்துச் சிரித்தார்.

“என்னயும் நிறுத்து எழுதிப்போடுங்க அண்ணாச்சி.”

“இறங்கும்வே, தராசு கெட்டுப்போகும்” என்றேன்.

போட்டிக்கு முந்தின வாரம் கூடத்தில் தொண்ணூறு கிலோ தூக்கினேன். திருநெல்வேலியிலிருந்து வருகிறவர்களில் நன்றாகத் தூக்குகிறவருக்கே எண்பதுதான் என்று விசாரித்து வைத்திருந்தோம். நண்பருக்கு அரபு நாட்டுக்கு விசா வந்துவிட்டது. பம்பாய்க்குப் போக வேண்டியவர், இந்த ஞாயிற்றுக்கிழமைக்காகப் பயணத்தை நாலு நாள் தள்ளிப் போட்டிருந்தார்.

மண்டபத்தில் நல்ல கூட்டம். மழைக்கு ஒதுங்கியவர்களும் அதில் உண்டு. தினமும் என்னை ஏற்றிவிடும் டவுன் பஸ் கண்டக்டர் முன்வரிசையில் நின்றார். “ஏலே, நாம தூக்கிவிடுத அண்ணாச்சி இன்னைக்கித் தூக்கப் போறாராம், கண்ணத் தொறந்து பாருங்கலே” என்றார். கேலிதான், ஆனால் பிரியமான கேலி. எனக்கோ தண்ணீர் செம்பை வீட்டிலேயே வைத்துவிட்டேனோ என்று கவலை. அது பைக்குள்தான் இருந்தது.

மூன்று வாய்ப்புகள். எண்பத்தைந்தில் தொடங்குகிறேன் என்று சொன்னேன். என்னைப் பெஞ்சில் கிடத்தினார்கள். நண்பர் வழக்கம்போல ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கால்மாட்டில் வந்து நின்றார்.

நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். “நீங்க யாரு? தூக்குறவர் உடம்ப யாரும் தொடக்கூடாது. கால வாரால பெஞ்சோட கட்டிக்கலாம். வார் எங்க?”

வாரா? நானும் நண்பரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று வருடத்தில் எங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. உலகம் முழுக்க இப்படி ஒரு ஆள் பிடித்துக்கொண்டுதான் தூக்குவார்கள் என்று இருந்துவிட்டோம். தட்டை நிறுக்கத் தெரிந்த எனக்கு, விதியை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

வார் இல்லாமலே முதல் முறை தூக்கினேன். கம்பி நெஞ்சிலிருந்து ஒரு சாண்கூட எழும்பவில்லை. உடம்பு இடப்பக்கம் உருண்டது. இரு பக்கமும் நின்றவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள்.

எனக்குப் போட்டியாக வந்திருந்த திருநெல்வேலிக்காரர் உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்து, தன் தோல் வாரை நீட்டினார். “இந்தாங்க அண்ணாச்சி, இதக் கட்டிப் பாருங்க. நல்லா இறுக்குங்க.” அவர் அதைத் தராமல் இருந்திருக்கலாம். தந்தார். இறுக்கிக் கட்டினோம். இரண்டாம் முறை கம்பி பாதி தூரம் வந்தது. பிறகு இடது பக்கம் சாய்ந்தது. நான் எவ்வளவு முக்கியும் அந்தச் சாய்வு நிமிரவில்லை. ஏன் என்று எனக்கு விளங்கவே இல்லை. கூடத்தில் இதே எண்பத்தைந்தைப் பேசிக்கொண்டே தூக்குவேன்.

மூன்றாவது முறை. கம்பி எழுந்தது, பாதியில் நின்றது, சாய ஆரம்பித்தது. திடீரென்று முழங்காலில் எனக்குப் பழகிய ஒரு பிடி. அவ்வளவுதான், கம்பி நிமிர்ந்தது, கைகள் இரண்டும் நேராக நீண்டன. எண்பத்தைந்து கிலோ என் நெஞ்சுக்குமேல் அசையாமல் நின்றது. மண்டபமே கைதட்டியது. கண்டக்டர் விசிலடித்தார். அந்தச் சத்தத்தை நான் முழுதாக அனுபவித்தேன். அப்புறம்தான் தலையைத் திருப்பி, தூக்கியது செல்லாது என்று நடுவர்கள் உயர்த்தியிருந்த மூன்று சிவப்புக் கொடிகளையும் பார்த்தேன்.

நண்பர் என் வலது முழங்காலை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். தான் எப்போது ஓடிவந்தோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

கைதட்டல் நின்றது. பின்னாலிருந்து ஒரு குரல்: “கூட்டுச் சேந்து தூக்கதுன்னா எங்களயும் கூப்பிட்டிருக்கலாம்லா வே!” சிரிப்பு ஒரு சுற்று வந்து ஓய்ந்தது. கண்டக்டர் மட்டும் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. திருநெல்வேலிக்காரர் எண்பது தூக்கி மதராசுக்குத் தேர்வானார். என்னை அதே மூன்று படிகளிலும் தூக்கி இறக்கினார்கள்.

வியாழக்கிழமை நண்பரை வழியனுப்ப ரயில் நிலையத்துக்குப் போனேன். விருதுநகர் வண்டி வர நேரம் இருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“கெடுத்துட்டேன்லா அண்ணாச்சி.”

“நீரு பிடிக்காட்டியும் அது விழத்தான் செஞ்சிருக்கும், விடும்” என்றேன். “ஒரு வாருக்குச் சொல்லியிருக்கேன். நாளைக்கித் தாரேங்கான். அடுத்த வருசம் பாப்போம்.”

அவர் யோசித்தபடி சொன்னார்: “வாரு இறுக்கிப் பிடிக்கும். ஆனா சாஞ்சு குடுக்காதே அண்ணாச்சி.”

“என்னது சாஞ்சு குடுக்க?”

“கம்பி எடப்பக்கம் சாயும்லா, அப்பெல்லாம் நான் வலது முட்டியில பாரத்தப் போட்டு நிமித்துவேன். எவ்வளவு சாயுதோ அவ்வளவு அழுத்துவேன். ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்.”

எனக்குத் தெரியாது. மல்லாந்து கிடந்த எனக்கு மூன்று வருடமும் கண்ணில் பட்டது கூரை ஓடுகள்தான். அதில் உடைந்தவை எத்தனை என்றுகூடச் சொல்லிவிடுவேன். வண்டி வந்தது. இரண்டு நிமிடம் நின்றது. அவர் என் கையைப் பிடித்து, “அல்லாட்ட துஆ செய்வேன், நீங்க தூக்குவிய” என்று சொல்லிவிட்டு ஏறினார். பிறகு நாங்கள் சந்திக்கவே இல்லை. நாலைந்து வருடம் கடிதம் வந்தது, அப்புறம் அதுவும் இல்லை.

பஸ் நிலையத்துப் பக்கம் செருப்புத் தைப்பவர் வாரை நன்றாகவே செய்திருந்தார். இரட்டைத் தையல், பித்தளைக் கொக்கி. அதைக் கட்டிக்கொண்டு தைப்பொங்கல் வரைக்கும் ஒரு நாள் விடாமல் தூக்கினேன். அறுபது வந்தது. அறுபத்தைந்து வந்தது. ஒரே ஒரு நாள் எழுபது வந்தது. அதற்குமேல் கம்பி இடப்பக்கம் சாய்ந்தது, சாய்ந்தது, சாய்ந்துகொண்டே இருந்தது. திருநெல்வேலிக்காரரின் எண்பதை நான் என்றைக்கும் தொட்டிருக்க முடியாது. பொங்கலுக்கு மறுநாள் கூடத்துக்குப் போவதை நிறுத்தினேன். அடுத்த வருடமும் போட்டி நடந்தது. நான் வாசல்வரைகூடப் போகவில்லை.

இப்போது எனக்கு எழுபது தாண்டிவிட்டது. நாளின் பெரும்பகுதி கட்டிலில்தான். மல்லாந்து படுக்கும்போது வலது முழங்காலில் யாரும் இல்லை என்பது இன்னும் தெரிகிறது. எல்லாத் தட்டுகளையும் நிறுத்தவன் அந்த மனிதரின் இரண்டு கைகளை மட்டும் கணக்கில் எடுக்காமல் விட்டேன்; என் சொந்த பலம் வெறும் எழுபது கிலோதான் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆன செலவு, அந்த வாருக்குக் கொடுத்த பன்னிரண்டு ரூபாய் ஐம்பது காசு.