கஞ்சிச் சட்டி நின்ற மண்தூண்

போன வாரம் எங்கள் தெருவில் மறுபடியும் ரோடு போட்டார்கள். பழைய ரோட்டைச் சுரண்டுவதில்லை, அதன் தலையிலேயே ஜல்லியும் தாரும். திண்டிவனத்தில் நான் இந்த வீட்டைக் கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறி வர வேண்டும். இப்போது நீங்கள் வந்தால் ஒரு படி இறங்கி வர வேண்டும். "பழைய மட்டம் எதுன்னு பாத்தியாப்பா?" என்று மிஷின்காரரைக் கேட்டேன். "மட்டம்லாம் தெரியாது சார். கொட்டச் சொன்னாங்க, கொட்டிக்கினு போறேன்" என்றார். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

ரோட்டோரம் கொட்டிய செம்மண்ணில் தண்ணீர் தெளித்தார்கள். அந்த வாசனை என்னைக் கிளியனூர்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

யுத்தம் முடிந்திருந்த சமயம். எனக்கு இருபத்திரண்டு வயது, புது ஓவர்சியர், தலையில் காக்கித் தொப்பி. தொப்பிக்குள்ளே அதிகமாக ஒன்றும் இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியாது. யுத்தகாலத்தில் ரோட்டுக்குக் கிராவல் வேண்டுமென்று கோவிந்தன் என்பவரின் இரண்டு காணி நிலத்தை எடுத்து, ஓர் ஆள் ஆழத்துக்குத் தோண்டியிருந்தார்கள். அந்தப் பள்ளத்தை மூடி, மட்டம் செய்து அவரிடம் திருப்பித் தருவதுதான் என் முதல் வேலை. அதுவரை அவர் ஊரார் நிலத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். "ஆடி மழைக்கு மல்லாட்டை போட்டுரணுங்க" என்பதைத் தவிர என்னிடம் அவர் எதுவும் கேட்டதில்லை. வேர்க்கடலைக்கு அந்தப் பக்கம் மல்லாட்டை என்றுதான் பெயர்.

அந்தக் காலத்தில் மண் வெட்டுகிறவர்கள் பள்ளத்துக்குள் அங்கங்கே ஒரு மண்தூணை வெட்டாமல் விடுவார்கள். சாட்சி என்று அதற்குப் பெயர். உச்சியில் பழைய தரையின் புல் அப்படியே நிற்கும்; தரை எந்த உயரத்தில் இருந்தது என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு இதைப் பாடமாகவே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இருந்தாலும் ஒரு நாள் காலை அந்தத் தூண்கள், பாதிப் பல் விழுந்த வாய் மாதிரி என் கண்ணை உறுத்தின. மண்வண்டிகளும் அவற்றைச் சுற்றிச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. "எல்லாத்தையும் வெட்டித் தள்ளுங்க" என்று உத்தரவு போட்டுவிட்டேன். தொப்பி போட்டவன் சொன்னால் மறுபேச்சு ஏது?

அனந்தபுரம் சந்தைக்கு மாடு பார்க்கப் போயிருந்த கோவிந்தன் சாயந்தரம் வந்தார். பள்ளத்தைப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"வரப்பையும் வண்டிச் சக்கரம் தின்னுட்டுது. நெலம் எம்மாம் ஒசரம்னு இனிமே யாருங்க சொல்றது? ஒசத்திப்புட்டா ஏரித் தண்ணி ஏறாது. தாழ்த்திட்டா தண்ணி நின்னுக்கினு மல்லாட்டை அழுவிப்பூடும்."

என்னிடம் ஒரு காகிதம் இருந்தது. அதில் சாட்சி ஒன்று, சாட்சி இரண்டு என்று அழகாக எண் போட்டு ஆழம் எழுதியிருந்தது. சாட்சிகள்தான் இல்லை; எந்த எண் எங்கே நின்றது என்றே தெரியவில்லை. ஒரு மனிதரின் நிலத்தை ஒரு வாய்ச்சொல்லில் தொலைத்துவிட்டேன்.

அப்போது கூடை சுமக்கும் அஞ்சலை மெதுவாக வாயைத் திறந்தாள். "ஒண்ணு கீதுங்க."

பள்ளத்தின் மூலையில் ஒரு வேலமுள் குவியல் இருந்தது. அவள் முள்ளை விலக்கினாள். உள்ளே முழுசாக ஒரு சாட்சி, அதன் தலையில் அவளுடைய கஞ்சிச் சட்டி! "நாய்க்கு எட்டாத எடம் இது ஒண்ணுதாங்க. நீங்க திட்டுவீங்கன்னு முள்ளப் போட்டு மூடிக்கினேன்." என் உத்தரவை மீறியதற்காக நான் கையெடுத்துக் கும்பிட்ட ஒரே ஆள் அவள்தான். கோவிந்தன் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

அந்த ஒரு சாட்சியிலிருந்து கயிறு கட்டி, முளை அடித்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, வாய்க்கால் பக்கம் எவ்வளவு சரிவு வேண்டும் என்பதைக் கோவிந்தன் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். ஏரி தூர்வாரிய மண்ணை வண்டி வண்டியாகக் கொட்டினோம். ஓரத்தில் குவித்து வைத்திருந்த பழைய மேல்மண்ணைக் கடைசியாகப் பரப்பினோம். சாட்சியை யாரும் வெட்டவில்லை. மண் ஏற ஏற அது குட்டையாகிக்கொண்டே வந்து, கடைசி நாள் தரையோடு தரையாகிவிட்டது. அஞ்சலை பழக்கதோஷத்தில் சட்டியை அதே இடத்தில் வைத்துவிட்டுப் போனாள். மதியம் வந்து பார்த்தால் நாய் கஞ்சியைக் குடித்து முடித்திருந்தது.

"மட்டம் சரியாகீதுங்க!" என்று கோவிந்தன் கத்தினார். அஞ்சலை நாயை வைதாள். என் சாப்பாட்டை அவளிடம் கொடுத்துவிட்டு அன்று பட்டினியாக இருந்தேன். அவ்வளவு நிம்மதியான பட்டினி பிறகு வாய்க்கவில்லை.

ஆடியில் நல்ல மழை. மறுநாள் காலை சைக்கிளில் ஓடினேன். நிலத்தில் ஓர் இடத்திலும் தண்ணீர் தேங்கவில்லை. கோவிந்தன் ஏர் பூட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது யாரும் சாட்சி விடுவதில்லை. மிஷின் வருகிறது, ஒரே நாளில் வழித்தெடுத்துக்கொண்டு போகிறது. நேற்று மழையில் தெருத்தண்ணீர் என் கூடத்துக்குள் வந்தது. வாளி வாளியாக இறைத்தேன். புதைந்துபோன என் மூன்று படியில் ஒன்றையாவது முள் போட்டு மூடி வைத்திருக்க எங்கள் தெருவில் ஓர் அஞ்சலை இல்லை.