என் பெயரில் வந்த பாட்டு

என் மகளின் முதல் பாட்டில், எழுதியவர் என்ற இடத்தில் இன்றும் என் பெயர்தான் இருக்கிறது. அதில் ஒரு வரிகூட நான் எழுதியதில்லை. இதை வெளியில் சொல்ல எனக்குப் பதினோரு ஆண்டுகள் ஆயின.

ராமேசுவரம் தீவில் ஒரு கத்தோலிக்க மீனவக் குடும்பத்தில் பிறந்தவன் நான். எங்கள் தெருவில் முதலில் பட்டம் வாங்கியவன். உச்சிப்புளிப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். கடலில் பிடிபட்டு இலங்கைச் சிறையில் கிடப்பவர்களுக்காகக் கலெக்டருக்கு மனு, படகுப் பதிவு, டீசல் மானியம், எதுவானாலும் ஊரில் எழுதிக் கொடுப்பது நான்தான். என் கையெழுத்தில் போனால் காரியம் நடக்கும் என்று ஊர் நம்பியது. நானும் நம்பினேன்.

மகள் மதுரையில் கல்லூரியில் படித்தபோது ஒரு பாட்டு எழுதினாள். தோழி கிட்டார் வாசிக்க, விடுதி மாடியில் அதைப் பாடிப் பதிவு செய்து இணையத்தில் போட்டாள். மழையில் நனைந்து வந்த ஒருவரின் சட்டையைப் பிழிந்து காயப்போடும் பெண் பாடுவதாக வரும் பாட்டு. இரண்டு வாரத்தில், பாம்பன் வழியாகப் போகும் எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் யாராவது ஒருவர் போனில் அது கேட்டது.

அப்போது அவளுக்கு ஒரு சம்பந்தம் பேசி முடித்திருந்தோம். எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லலாம் என்று பூசை நடுவே அறிவிப்பார்கள். முதல் ஓலைக்குப் பத்து நாள் இருக்கும்போது, டீக்கடையில் நாலு பேர் முன்னால் மாப்பிள்ளையின் சித்தப்பா என்னைக் கேட்டார்.

"சம்பந்தி, அது யாரு சட்டையாம்?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"பாட்டு நான் எழுதுனதுய்யா. புள்ள பாடுது, அம்புட்டுத்தான்" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. கலெக்டருக்கே எழுதுகிறவர் ஒரு பாட்டு எழுத மாட்டாரா? யாரும் சந்தேகப்படவில்லை.

அந்த வாரமே சென்னையில் ஓர் இசை நிறுவனம் பாட்டைக் கேட்டு, படிவம் அனுப்பியது. வீட்டில் படிவம் நிரப்புகிறவன் நான்தானே. பாடியவர் என்ற கட்டத்தில் அவள் பெயரையும் எழுதியவர் என்ற கட்டத்தில் என் பெயரையும் எழுதி, அவளிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். அவள் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஓலை வாசித்து முடியட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றேன். அவள் கையெழுத்துப் போட்டாள்.

மூன்றாவது ஓலை வாசிக்கப்படவே இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு பாடக் கூடாது என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பினார்கள். அப்படியென்றால் கல்யாணமே வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். நான் வாக்குக் கொடுத்தபடி பெயரை மாற்றியிருக்க வேண்டிய நேரம் அது. மாற்றவில்லை. அதற்குள் பள்ளியில் எனக்குப் பொன்னாடை போர்த்தியிருந்தார்கள். பழைய மாணவர்கள் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்து, அந்த வரி உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டார்கள். நான் பதிலும் சொன்னேன். பயம் எனக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அதன் பிறகு இருந்தது ஆசை.

அவள் சென்னைக்குப் போனாள். பகலில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தாள், மாலையில் கிடைத்த மேடையில் பாடினாள். சினிமாவில் கூப்பிட்டபோது, தன் பாட்டைத் தானே எழுதிப் பாடுவதாக இருந்தால் வருகிறேன் என்றாளாம். அவர்கள் மறுபடி கூப்பிடவில்லை. சொந்தமாகவே ஒவ்வொன்றாக வெளியிட்டு, இருபதுக்கு மேல் பாட்டுகள் செய்துவிட்டாள். சிங்கப்பூர்வரை போய்ப் பாடினாள். பேட்டிகளில், அப்பா இப்போதும் எழுதித் தருகிறாரா என்று கேட்பார்கள். அவள் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போவாள். அந்த முதல் பாட்டை மட்டும், கூட்டம் எவ்வளவு கேட்டாலும் எந்த மேடையிலும் பாடியதில்லை.

இந்த வருடம் எங்கள் ஊர்த் திருவிழாவில் அவள் பாட ஒப்புக்கொண்டாள். விழாக் குழு அடித்த நோட்டீஸில், அவள் படத்துக்குக் கீழே 'தந்தையின் வரிகளில்' என்று போட்டிருந்தது. அதை என் மனைவிதான் என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"அது யாரு சட்டைன்னு இன்னைக்கு வரைக்கும் அவகிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?"

நான் நோட்டீஸைக் கவிழ்த்து வைத்தேன்.

"பள்ளிக்கூடம் விட்டு நனைஞ்சு வருவீகளே, உங்க சட்டைதான். பாவாட கட்டுன நாள்ல இருந்து அவதான பிழிஞ்சு போட்டா."

விழாக் குழுத் தலைவரிடம் போய் நோட்டீஸை மாற்றச் சொன்னேன். அடித்தாகிவிட்டது, மகள்தானே சார், யார் எழுதினால் என்ன என்றார். நோட்டீஸ் கட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டேன். அன்று முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொன்றிலும் அந்த வரியை அடித்து, மேலே அவள் பெயரை எழுதினேன். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் வீடு வீடாகக் கொடுக்கக் கிளம்பினேன். ஒவ்வொரு வாசலிலும், பாட்டை நான் எழுதவில்லை, பொய் சொன்னேன் என்று சொன்னேன்.

கருவாடு உலர்த்திக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப எங்க வீட்டுக்காரருக்கு எழுதுன மனுவாச்சும் நீங்க எழுதுனதா சார்?"

"அது நான் எழுதுனது தாயி."

"நல்ல வேள" என்று திரும்பிக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் சித்தப்பா இப்போது கட்டிலோடு இருக்கிறார். அவர் காதருகே குனிந்து சொன்னேன். அவர் என் பக்கம் தலையைத் திருப்பி, "அந்தப் புள்ளைய நாம சும்மா விட்டுருக்கலாம்" என்றார்.

திருவிழா அன்று காலை ரயிலில் மகள் வந்தாள். பேனாவால் அடித்த நோட்டீஸைக் கையில் எடுத்து நின்றபடியே படித்தாள். தெருத் தெருவாக நான் போனதை அவள் அம்மா சொன்னாள்.

"ஊருக்குச் சொல்லிட்டீக, சரி. கம்பெனித் தாள்ல யாரு பேரு இருக்கு?"

"என் பேருதான்."

"அது மாறுற வரைக்கும் நான் அதப் பாட மாட்டேன் அய்யா. இங்கனயும் பாட மாட்டேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுவே எனக்குக் கடினமாக இருந்தது. சாயங்காலம் ஒன்பது பாட்டுகள் பாடினாள். கூட்டம் அந்தப் பாட்டைக் கேட்டுக் கத்தியபோது, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வேறொன்றைத் தொடங்கினாள். நான் முன் வரிசையில் இருந்தேன்.

மறுநாளே ராமநாதபுரம் போய், வக்கீல் முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் எழுதி அனுப்பினேன். அந்த நிறுவனம் கைமாறிவிட்டது. புதியவர்கள் பழைய தாளைத் தேட வேண்டும் என்கிறார்கள். இரண்டு கடிதங்களுக்குப் பதில் இல்லை. மூன்றாவது கடிதத்துக்கு, குடும்ப விஷயத்தை நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது.

வியாழக்கிழமை ரயிலுக்குச் சென்னைக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். எனக்கு எழுபத்து நான்கு வயது. தனியாகப் போக வேண்டாம் என்கிறாள் மனைவி. தனியாகத்தான் போகிறேன். அன்று படிவத்தில் என் பெயரை எழுதும்போது யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை. அந்தத் தாளைத் தேடி எடுக்கும்வரை அவர்கள் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பேன். இந்த வாரம் கிடைக்காவிட்டால் அடுத்த வாரமும் போவேன்.