பதினேழாம் எண் வண்டி

மைசூரில் ஜாவா மோட்டார் சைக்கிள்களைப் பற்றி இறுதித் தீர்ப்பு வழங்கும் அதிகாரத்தை ஷடக்ஷரிக்கு யாரும் கொடுக்கவில்லை. அவரே எடுத்துக்கொண்டார். மின்சார அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து, "உங்க மீட்டர் சரியாத்தான் ஓடுது, நீங்கதான் ஃபேன ஆஃப் பண்றதில்ல" என்று இருபத்தெட்டு வருடங்களாகச் சொல்லி வருபவர். தீர்ப்புச் சொல்வது அவருக்குப் பழகிப்போன வேலை.

தெருவின் அந்தப் பக்கம் ஒரு ஜாவா போனால் போதும், இந்தப் பக்கம் நின்றபடியே அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார். "ஹெட்லைட் வளையம் பின்னால போட்டது. சீட்டு வேற மாடலோடது. பெயிண்ட்ல கறுப்பு ஒரு சொட்டு ஜாஸ்தி." வண்டிக்காரர் கேட்டாரா கேட்கவில்லையா என்பது அவருக்குப் பொருட்டில்லை. ஒருமுறை சக ஊழியரின் மகள் கல்யாணத்தில், மண்டபத்து வாசலில் நின்ற ஒரு வண்டியின் சைலன்சர் போலி என்று கண்டுபிடித்தார். அது மாப்பிள்ளையின் தாய்மாமன் வண்டி. கண்டுபிடிப்பைப் பந்தியிலேயே அறிவித்தார். தாய்மாமன் பாயசத்துக்கு முன்பே எழுந்து போனார்.

அவருடைய சொந்த வண்டி அறுபத்தாறாம் வருடத்து ஜாவா. ஒன்பது வருடத்துக்கு முன் ஹுணசூர்ப் பக்கம் ஒரு கோழிக் கொட்டகையில் கிடைத்தது. கோழிகளின் பல தலைமுறைகள் அதன்மேல் வாழ்ந்து மறைந்திருந்தன. ஷடக்ஷரி அதை எலும்பு எலும்பாகப் பிரித்துச் சாக்குகளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு நட்டும் அந்த வருடத்து நட்டாகவே இருக்கவேண்டும் என்று ஷிமோகாவுக்கும் கோலாப்பூருக்கும் அலைந்தார். வண்டி எழுந்து நின்றபோது அதற்குக் கூடத்தில்தான் இடம் கிடைத்தது. சாப்பாட்டு மேஜை கொல்லைப்புறம் போயிற்று. தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது முட்டிக்கு நல்லது என்று அவர் மனைவி சர்வமங்களாவுக்கு விளக்கம் சொன்னார்.

"அப்ப வண்டிய வெளிய நிறுத்திட்டு, முட்டிக்கு நல்லதுன்னு நடந்தே ஆபீசுக்குப் போங்களேன்" என்றாள் அவள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

அவர் பஸ்ஸில்தான் போனார். அப்படிப்பட்ட வண்டியை ஆபீசுக்கெல்லாம் கொண்டுபோக முடியுமா?

அந்த வண்டியில் ஒரே ஒரு அந்நியப் பொருள் இருந்தது. பெட்ரோல் மூடியின் அடியில் இருக்கவேண்டிய ரப்பர் வளையம் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் சர்வமங்களாவின் பழைய குக்கர் கேஸ்கட்டை வெட்டி, ஒட்டி, கறுப்பு மை பூசி வைத்தார். இது கணவன் மனைவி இருவருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

ஊரில் இதற்குச் சமமான வண்டி இன்னொன்றும் உண்டு என்பதை ஷடக்ஷரி வெளியே ஒப்புக்கொண்டதில்லை. அதன் சொந்தக்காரர் சுபேதார் பெல்லியப்பா. குடகுக்காரர், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அதே அறுபத்தாறாம் வருடம், அதே அரக்குச் சிவப்பு. பட்டாளத்தில் பூட்சைத் துடைத்த கையால் வண்டியைத் துடைப்பவர்.

"ஷடக்ஷரி ஸ்வாமி, உங்க வண்டி மியூசியம் போக ரெடி. நீங்களும் கூடவே போய் நின்னுடுங்க" என்பார்.

"போறேன். ஆனா உங்க வண்டிய அங்க வாசல்லயே நிறுத்திருவாங்களே, சுபேதாரே. இடது ஃபுட்ரெஸ்ட் ரப்பர் அறுபத்தெட்டாம் வருஷத்துது."

பெல்லியப்பா அந்த ரப்பரை மாற்ற எட்டு மாதம் அலைந்தார் என்பதும், மாற்றிய பிறகு ஷடக்ஷரி வலது பக்கத்து ரப்பரைப் பற்றிப் பேசத் தொடங்கினார் என்பதும் சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

சங்கம் என்பது அறுபது ஜாவாக்காரர்கள் கூடியது. வருடா வருடம் ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருப்பதிலேயே அசலான வண்டிக்கு ஒரு கோப்பை தருவார்கள். ஷடக்ஷரி மூன்று தடவை இரண்டாவதாக வந்தவர். ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்பவரின் வீட்டில் கோப்பை இல்லை என்ற பேச்சு மெல்ல எழ ஆரம்பித்திருந்தது. இந்த வருடம் கோப்பை வராவிட்டால் தன் வாய்க்கு மதிப்பிருக்காது என்பது அவருக்குத் தெரியும். சாம்பாரில் உப்பு குறைவாக இருக்கிறது என்பதைக்கூட ஒரு மாதமாக அவர் சர்வமங்களாவிடம் சொல்லவில்லை.

நடுவர் ஜோயிஸ் மாஸ்டர். தொழிற்பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்தியவர். கையில் பூதக்கண்ணாடி, பையில் அரை மார்க்குகள். யார் வண்டி என்று தெரிந்தால் மனம் சாயும் என்று அவர் ஒரு விதி வைத்திருந்தார். போட்டியன்று காலை முதல் எல்லா வண்டிகளின் நம்பர் பலகையும், முன்னும் பின்னும், சங்கத்தின் மஞ்சள் துணியால் மூடியிருக்கவேண்டும். போலீசிடம் அதற்கு எழுத்தில் அனுமதி வாங்கியிருந்தார். துணியை வீட்டுக்குப் போய்த்தான் அவிழ்க்கவேண்டும். அது மரபாகவே ஆகிவிட்டது. சிலர் கற்பூரம் காட்டி அவிழ்ப்பார்கள்.

அறுபது வண்டிகளும் நீலப் புகை விட்டுக்கொண்டு ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போயின. அங்கே ஓட்டலில் மசால் தோசையும் கேசரி பாத்தும். வண்டிகளை வருட வரிசைப்படி நிறுத்தியதில் ஷடக்ஷரியின் வண்டியும் பெல்லியப்பாவின் வண்டியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. உள்ளே இவர்கள் இரண்டாவது காபி குடிக்கும்போது வெளியே ஒரு டூரிஸ்ட் பஸ் வந்தது. ஓட்டல் காவலாளி நாலைந்து வண்டிகளைத் தள்ளி வழிவிட்டான். பஸ் போனதும் பொறுப்பாகத் திருப்பி நிறுத்தினான், கைக்கு வந்த வரிசையில்.

தூறல் பிடித்தது. எல்லோரும் ஓடிவந்தார்கள். ஷடக்ஷரி, தான் நிறுத்தியிருந்த இடப்பக்கத்தில் நின்ற வண்டியில் சாவியைச் செருகினார். அந்தக் கால ஜாவாவின் சாவி ஒரு ஆணி மாதிரி இருக்கும். யார் சாவியும் யார் வண்டிக்கும் போகும், அதில் ஜாவாக்காரர்களுக்குப் பெருமைகூட உண்டு. ஒரே உதையில் வண்டி கிளம்பியது. ஜாவாவில் உதைக்கிற கம்பிதான் கியரும்; அதை முன்னால் மடக்கிக்கொண்டு புறப்பட்டார். வழியில் சத்தத்தைக் கேட்டு, 'இன்னிக்கு எப்படிப் பாடுது பாரு' என்று பெருமைப்பட்டார்.

மைசூர் மைதானத்தில் ஆளுக்கொரு எண் அட்டை கொடுத்தார்கள். ஷடக்ஷரி பதினேழாம் எண்ணைக் கட்டினார். பெல்லியப்பா பதினெட்டு.

ஜோயிஸ் மாஸ்டர் இரண்டு மணி நேரம் குனிந்தும் படுத்தும் பார்த்தார். பதினேழின் பெட்ரோல் மூடியைத் திறந்தபோது ஷடக்ஷரி மேகத்தைப் பார்க்க ஆரம்பித்தார். மாஸ்டர் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அசல்" என்றார். தன் கத்தரிக்கோலின் நேர்த்தியை ஷடக்ஷரி மனத்துக்குள் வணங்கினார்.

பதினெட்டின் மூடியைத் திறந்த மாஸ்டர் மூக்கைக் கிட்டத்தில் கொண்டுபோனார். பிறகு நிமிர்ந்தார்.

"இது குக்கர் கேஸ்கட். அரை மார்க் போச்சு."

கூட்டம் சிரித்தது. எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவர் ஷடக்ஷரிதான். "என்ன சுபேதாரே, வண்டி எத்தன விசில் அடிக்கும்?"

பெல்லியப்பா முகம் வண்டியின் நிறத்துக்கு வந்தது. "யார் வெச்சாங்கன்னே தெரியல, மாஸ்டர். சத்தியமா நான் வைக்கல" என்றார். யாரும் நம்பவில்லை. அரை மார்க்கில் கோப்பை பதினேழுக்குப் போயிற்று.

வீட்டு வாசலில் சர்வமங்களா ஆரத்தித் தட்டோடு நின்றாள். ஷடக்ஷரி கோப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டு, கற்பூரம் காட்டி, பின்பக்கத் துணியை அவிழ்த்தார்.

"ஏங்க, இது நம்ம நம்பர் இல்லியே" என்றாள் அவள்.

"உனக்கு என்னடி தெரியும், ஜோயிஸ் மாஸ்டரே..." என்று ஆரம்பித்தவர் பலகையைப் பார்த்தார். முன்பக்கத் துணியை அவிழ்த்தார். முன்பக்கமும் அதே நம்பர்தான். குனிந்து பெட்ரோல் மூடியைத் திறந்தார். உள்ளே அசல் ரப்பர் வளையம், ஒன்பது வருடமாக அவர் தேடியது, அடக்கமாக உட்கார்ந்திருந்தது.

சர்வமங்களா சிரிக்கவில்லை. தட்டில் எரிந்த கற்பூரத்தை அணைத்துவிட்டுச் சொன்னாள்: "ஊர்ல இருக்கிற வண்டிக்கெல்லாம் குறை சொல்றவரு, ஒம்பது வருஷம் கூடத்துல வெச்சுப் பாத்த வண்டிய அடையாளம் தெரியாம மாத்திட்டு வந்திருக்கீங்க. போன் பண்ணிச் சொல்லுங்க."

"எப்படிச் சொல்றது?"

"என் வண்டி எனக்கே தெரியலன்னு சொல்லுங்க."

அதைத்தான் சொல்ல முடியாது. கோப்பை போவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். சிரிக்கப்போகிற ஐம்பத்தெட்டுப் பேரில் அந்தத் தாய்மாமனின் தம்பியும் ஒருவர்.

திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. பெல்லியப்பாவிடமிருந்தும் போன் வரவில்லை. அவரும் துணியை அவிழ்த்திருப்பார் என்பது ஷடக்ஷரிக்கு நிச்சயம். அப்படியானால் பட்டாளத்துக்காரரும் தன் வண்டியைக் கண்டுபிடிக்காமல்தான் ஓட்டிப் போயிருக்கிறார். இந்த எண்ணம் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கை சும்மா இருக்கமாட்டாமல் வண்டியின் கிளட்ச் கேபிளுக்கு எண்ணெய் விட்டார்.

புதன்கிழமை போன் அடித்தது.

"என்ன ஸ்வாமி, மழை எப்படி அங்க?" என்றது பெல்லியப்பாவின் குரல். இருவர் வீட்டுக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டர்.

"பெய்யுது. அங்க?"

"இங்கயும் பெய்யுது."

இருவரும் கொஞ்ச நேரம் மழையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சனிக்கிழம காலைல சும்மா சாமுண்டி மலைப் பக்கம் போலாமான்னு பாத்தேன்" என்றார் பெல்லியப்பா.

"போலாமே. வண்டியிலதான வருவீங்க?"

"வண்டியிலதான். நீங்களும் வண்டியிலதான?"

"ஆமா, ஆமா. வண்டியில."

யாருடைய வண்டி என்று இருவரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை மலைப்பாதையில், நகரம் முழுக்கத் தெரிகிற திருப்பத்தில், இரண்டு சிவப்பு ஜாவாக்கள் வந்து நின்றன. இரண்டிலும் மஞ்சள் துணி கட்டியிருந்தது. அங்கே சோளம் சுடும் பெண்மணி, "ஊர்வலம் போன வாரமே முடிஞ்சதில்லியா சார்?" என்று கேட்டாள்.

ஆளுக்கொரு சோளம் வாங்கினார்கள். ஒரு மணி விடாமல் தின்று முடித்தார்கள்.

"கார்புரேட்டர கொஞ்சம் டியூன் பண்ணேன்" என்றார் பெல்லியப்பா, தான் ஓட்டிவந்த வண்டியைக் காட்டி. "ரொம்பப் பெட்ரோல் குடிச்சது."

"நான் கிளட்ச் கேபிளுக்கு எண்ணெ விட்டேன். இறுகிக் கிடந்தது."

"இறுகிக் கிடக்கல. அது அப்படித்தான் இருக்கணும்."

"சரி."

பெல்லியப்பா சோளக் கட்டையைத் தூர எறிந்தார். "ஸ்வாமி, கோப்பை உங்க வீட்லயே இருக்கட்டும். வாங்கிட்டுப் போனா ஏன்னு சொல்லணும். சொன்னா ரெண்டு பேர் மானமும் போகும். எனக்கு அது வேண்டாம்."

ஷடக்ஷரி கும்பிடக் கை தூக்கினார். "சுபேதாரே, நீங்க பெரிய..."

"இருங்க, முடிக்கல. அத்தன பேர் முன்னால என்கிட்ட எத்தன விசில்னு கேட்டீங்க. கேஸ்கட் யாரோடதுன்னு எனக்கு இப்ப தெரியும். அதனால ஒரே கண்டிஷன். இனிமே சங்கத்துல யார் வண்டியப் பத்தியும் நீங்க ஒரு குறை சொல்லக்கூடாது. ஒரு ஸ்க்ரூவப் பத்திக்கூட. நீங்க வாயத் தொறந்தா நானும் தொறப்பேன்."

"யார் வண்டியப் பத்தியுமா?"

"யார் வண்டியப் பத்தியும்."

"என்னைக்கு வரைக்கும்?"

பெல்லியப்பா பட்டாளத்துப் பார்வை ஒன்று பார்த்தார். ஷடக்ஷரி தலையசைத்தார்.

பெல்லியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, சோளக்காரிக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "ஸ்வாமி, என் வண்டிய ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கறீங்களா?"

"பாக்கலாமே. நீங்களும் என் வண்டிய ஓட்டிப் பாருங்க."

ஆளுக்கொரு உதை. இரண்டு வண்டிகளும் மலையிறங்கின, அடிவாரத்தில் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போயின. ரவுண்டு முடிந்து யாரும் திரும்பி வரவில்லை.

ஆகஸ்ட் கூட்டத்துக்கு ஒருவர் புதிதாகச் சரிசெய்த வண்டியோடு வந்தார். வந்ததும் நேராக ஷடக்ஷரியிடம்தான் வண்டியை உருட்டினார். கூட்டம் சுற்றி நின்றது. கோப்பை வாங்கியவர் வாயிலிருந்து வரப்போவதைக் கேட்க ஜோயிஸ் மாஸ்டர்கூட நாற்காலியை நகர்த்திக்கொண்டார்.

ஷடக்ஷரி பார்த்தார். பக்கப் பெட்டியின் ஸ்க்ரூ தப்பு. ஹாண்டில் பார் வேறு வருடத்தது. டாங்கின் ஓரத்துத் தங்கக் கோட்டைப் பார்த்தபோது கண்ணில் நீர் வந்தது, அது கோடே இல்லை, ஸ்டிக்கர். வாய் தானாகத் திறந்தது. எதிரே பெல்லியப்பா ஒரு சின்ன இருமல் இருமினார்.

"நல்லா இருக்கு" என்றார் ஷடக்ஷரி.

கூட்டம் இன்னும் ஒரு அடி நெருங்கியது.

"முழுசும்?" என்று நம்பாமல் கேட்டார் வண்டிக்காரர்.

"முழுசும்."

யாரோ ஒருவர் அவர் கையைப் பிடித்து நாடி பார்த்தார். இன்னொருவர் பி.பி. எவ்வளவு என்று விசாரித்தார். ஜோயிஸ் மாஸ்டர் மட்டும் எழுந்து நின்று, வெற்றி ஒரு மனிதனுக்கு எப்படிப்பட்ட அடக்கத்தைக் கொடுக்கும் என்பதற்கு நண்பர் ஷடக்ஷரியே உதாரணம் என்று ஐந்து நிமிடம் பேசினார். பெல்லியப்பாதான் முதலில் கை தட்டினார், கடைசியாக நிறுத்தியதும் அவர்தான். ஷடக்ஷரி ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டு கும்பிட்டபடி நின்றார்.